இரும்புக்கு மட்டும் உத்தரவாதம்

வன்தட்டு உத்தரவாதத்தைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் நண்பர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். கவிதையும் சிறுகதையும் பேசப்படும் இடத்தில் கணிப்பொறிக் கடை ரசீது விவகாரத்துக்கு என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. இன்று தமிழில் எழுதப்படும் ஒரு நாவல் எங்கே எழுதிச் சேர்க்கப்படுகிறது, அச்சேறும்வரை எங்கே காத்திருக்கிறது, பதிப்பு தீர்ந்து பதிப்பாளரும் மறந்தபின் எங்கே உறங்குகிறது என்று அந்த நண்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும். பெரும்பாலும் மூன்றுக்கும் விடை ஒன்றே: ஏதோ ஒரு கணிப்பொறியின் சேமிப்புத் தட்டில். ‘எங்களுடையதெல்லாம் மேகத்தில் இருக்கிறது’ என்பவர்களுக்கும் இது பொருந்தும். மேகம் என்று அவர்கள் சொல்வது எங்கோ ஒரு குளிரூட்டிய கட்டடத்தில் அடுக்கடுக்காகச் சுழன்றுகொண்டிருக்கும் வன்தட்டுகளைத்தான். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து எழுத்துகளுக்காக 2005இல் தொடங்கிய நூலகம் தளமும் தன்னார்வலர்களின் கணிப்பொறிகள் வழியாகவே வளர்ந்தவை.

உ.வே.சாமிநாதையர் ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த கதை நம் வாசகர்களுக்குப் புதிதன்று. கரையான் அரித்ததும் ஆற்றில் விட்டதும் போக எஞ்சியதைத்தான் அவர் மீட்டார். ஆனால் கரையான் யாருக்கும் உத்தரவாத அட்டை கொடுத்ததில்லை. இக்காலத்துக் கரையானுக்கு மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு, இலவசத் தொலைபேசி எண் உண்டு, கடைசியில் ‘எங்கள் சேவை தங்களுக்கு மனநிறைவு அளித்ததா?’ என்று ஐந்து நட்சத்திரங்களை நீட்டும் மின்னஞ்சலும் உண்டு. எங்கள் பேச்சு இந்த ஏற்பாட்டைப் பற்றியது.

*

இலக்கிய வாசகர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. எதையும் வரிவரியாகப் படிப்பார்கள். உத்தரவாத அட்டையும் ஒரு பிரதிதான். அதை ஒருமுறை அப்படிப் படிப்போம். நிறுவனத்துக்கு நிறுவனம் சொற்கள் மாறலாம். சாரம் ஏறத்தாழ ஒன்றே.

தலைப்பிலேயே ‘வரையறுக்கப்பட்ட உத்தரவாதம்’ என்று இருக்கிறது. பெயர்ச்சொல் ஒன்றைக் கொடுக்க, அதற்கு முன்னால் நிற்கும் அடைமொழி அதைத் திரும்ப வாங்கத் தொடங்கிவிடுகிறது. அடுத்து, வாக்களிக்கப்படுவது என்னவென்றால், பொருளிலும் செய்நேர்த்தியிலும் குறை இராது என்பது. குறை இருந்தால்? பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் தருவதா என்பதை நிறுவனமே முடிவு செய்யும். மாற்றித் தரப்படுவது புதியதாகவும் இருக்கலாம், பிறர் திருப்பி அனுப்பியதைச் சரிசெய்து சோதித்ததாகவும் இருக்கலாம். அப்படி வந்த தட்டுக்குப் பழைய உத்தரவாதத்தில் எஞ்சிய காலம், அல்லது வழமையாக 90 நாள், இவற்றில் எது அதிகமோ அது கிடைக்கும். தட்டில் இருந்த தரவுக்கு எவ்விதப் பொறுப்பும் இல்லை. எப்படிப்பட்ட இழப்பு நேர்ந்தாலும் நிறுவனத்தின் கடப்பாடு தட்டுக்குக் கொடுத்த விலையைத் தாண்டாது.

வினைமுற்றுகளைக் கவனியுங்கள். நிறுவனத்துக்குரிய வாக்கியங்களெல்லாம் ‘லாம்’ என்று முடிகின்றன: பழுது பார்க்கலாம், மாற்றித் தரலாம், மறுக்கலாம். வாங்கியவருக்குரியவை அனைத்தும் ‘வேண்டும்’ என்று முடிகின்றன: ரசீதைக் காட்ட வேண்டும், வரிசை எண்ணைப் பதிய வேண்டும், சொன்ன முறையில் பொதிய வேண்டும், தரவைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். ஒரு தரப்புக்கு உரிமையும் மறு தரப்புக்குக் கடமையுமாகப் பிரித்தளிக்கும் ஒப்பந்தத்துக்கு உத்தரவாதம் என்று பெயர் வைத்தவரின் மொழித்திறனை நாம் மெச்சத்தான் வேண்டும்.

ஒரு வன்தட்டின் பயன் என்ன? எழுதியதை வைத்திருந்து கேட்டபோது திருப்பித் தருவது. வேறு பயன் அதற்கு இல்லை. காகிதத்தின்மேல் வைத்தால் பறக்காமல் இருக்கும் என்பதற்காக யாரும் அதை வாங்குவதில்லை. அந்த ஒற்றைப் பயனை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு, மற்றதற்கெல்லாம் உறுதி கூறுவதுதான் இந்த அட்டை. குடம் உடைந்தால் வேறு குடம் தருவோம், ஆனால் தண்ணீர் நிற்கும் என்று நாங்கள் எப்போதும் சொன்னதில்லை என்று குயவர் ஒருவர் சொன்னால் அவரிடம் யார் குடம் வாங்குவார்கள்?

*

எங்கள் குழுவில் ஒருவர் பழைய சிற்றிதழ்களைத் தேடிச் சேர்த்துப் பக்கம் பக்கமாக வருடிக் கோப்புகளாக்கி வருபவர். சென்னை ரிச்சி தெருவில் ரசீதோடு வாங்கிய அவரது வன்தட்டு, மூன்றாண்டு உத்தரவாதத்தின் பதினான்காம் மாதத்தில் ‘டக், டக்’ என்று ஒலிக்கத் தொடங்கி ஒரே மாலையில் நின்றுபோனது. வருடிய பக்கங்களுக்கு வேறிடத்தில் படி இருந்தது, அவை தப்பின. தப்பாதவை, அந்த மூன்று வாரங்களில் அவர் செய்திருந்த மெய்ப்புத் திருத்தங்களும், இதழ்களின் ஓரங்களில் முன்பு யாரோ பென்சிலால் எழுதியிருந்தவற்றைப் படித்தெடுத்த குறிப்புகளும். பிறகு நடந்தவற்றை அவர் எழுதிவைத்த தேதிவாரிக் குறிப்பிலிருந்து சுருக்கித் தருகிறோம்.

கடைக்காரர், இது நிறுவனத்தின் பொறுப்பு என்றார். நிறுவனத்தின் தொலைபேசி, ஆங்கிலத்துக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு என்றது. தமிழுக்கு எண் இல்லை. எடுத்தவர், நிறுவனத்தின் சோதனை நிரலை ஓட்டி அது காட்டும் பிழைக் குறியீட்டை அனுப்பச் சொன்னார். கணிப்பொறிக்கு அப்படி ஒரு தட்டு இருப்பதே தெரியவில்லை, நிரலை எதன்மேல் ஓட்டுவது என்று நண்பர் கேட்டார். சோதனை நிரலின் பிழைக் குறியீடு இல்லாமல் அடுத்த கட்டத்துக்குச் செல்ல இயலாது என்று பதில் வந்தது. இரண்டாம் அழைப்பில் வேறொருவர், வரிசை எண்ணைப் பார்த்து, இது வேறு நாட்டுக்கு அனுப்பப்பட்ட சரக்கு என்றார். மூன்றாம் அழைப்பில், இல்லை, இந்தியாவுக்குரியதுதான் என்று வேறொருவர் சொன்னார். ரசீதின் படம் கேட்டார்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட அந்த ரசீதில் பதினான்கு மாதத்தில் எழுத்து பாதிக்கு மேல் மங்கியிருந்தது. மூன்றாண்டு உத்தரவாதத்துக்கு ஓராண்டில் அழியும் தாளைச் சான்றாகக் கேட்கும் ஏற்பாட்டை வடிவமைத்தவர் யாராயினும் அவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. அதன்பின் ஆர்.எம்.ஏ. எண் வந்தது. தூதஞ்சல் செலவு நண்பருடையது. நாற்பத்தேழாம் நாள் ஒரு தட்டு வந்தது. சீட்டில், புதுப்பித்துச் சான்றளிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. யாருடைய மேசையில் எத்தனை நாள் ஓடியது, எந்த நோயால் திரும்பி வந்தது, என்ன மருத்துவம் செய்தார்கள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

தொலைபேசியில் பேசிய இளைஞர்கள்மீது எங்களுக்குக் கோபமில்லை. முன்னால் ஒளிரும் திரையில் உள்ளதைப் படிப்பது அவர்கள் வேலை. எத்தனை நிமிடத்தில் அழைப்பை முடிக்கிறார்கள் என்று அவர்களை எங்கோ ஒருவர் அளந்துகொண்டிருக்கிறார். கோபம், அந்தத் திரையில் ‘தட்டு சுழலவே இல்லை’ என்ற விடைக்கு ஒரு கட்டம் போடாமல் விட்டவர்மீது.

*

இது ஒரு நண்பரின் கெட்ட காலம் என்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்க முடியாது என்பதை இத்துறையின் வரலாறே சொல்கிறது.

வன்தட்டின் பிறப்பு 1956. ஐபிஎம் நிறுவனத்தின் ரமாக் கணிப்பொறியோடு வந்த முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தகடுகள் இருந்தன. மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ ஐந்து மெகாபைட். இன்று கைக்குள் அடங்கும் பெட்டியில் அதைப்போல் பல லட்சம் மடங்கு கொள்கிறது. வியக்கத்தக்க பொறியியல், அதில் ஐயமில்லை. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தகட்டின்மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் வாசிப்பு முனை பறக்கிறது. ஒரு தூசி அதற்கு மலை. இத்தனை நுண்மையான எந்திரம் சில சமயம் பழுதாகும் என்பதை நாங்கள் குறைகூறவில்லை. பழுதாவது எந்திரத்தின் இயல்பு. பழுதைப் பற்றிப் பேசும் மொழியில் உண்மை இல்லாதது எந்திரத்தின் இயல்பன்று.

நிறுவனங்களுக்கென விற்கப்படும் வன்தட்டுகளின் விவரத்தாள்களில், பழுதுக்கு முந்தைய சராசரிக் காலம் பத்து லட்சம் மணி நேரம், பதினைந்து லட்சம் மணி நேரம் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். பத்து லட்சம் மணி நேரம் என்பது 114 ஆண்டு. ஒரு தட்டு 114 ஆண்டு ஓடும் என்பது அதன் பொருளன்று. பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்து ஓட்டினால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே பழுதாகும் என்பதே பொருள். அந்தக் கணக்காவது சரியா? 2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் ஆகிய இருவரும் ஏறத்தாழ ஒரு லட்சம் வன்தட்டுகளின் பதிவேடுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். விவரத்தாள்களின்படி ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 விழுக்காடு பழுதாக வேண்டும். உண்மையில் மாற்றப்பட்டவை பல இடங்களில் 2 முதல் 4 விழுக்காடு. சில இடங்களில் 13 விழுக்காடு வரை.

அதே 2007இல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் நிறுவனத்தில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. தட்டு தன் உடல்நிலையைத் தானே கணித்துச் சொல்லும் ‘ஸ்மார்ட்’ என்ற ஏற்பாடு உண்டல்லவா? பழுதான தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலேயே செத்துப்போயிருந்தன. அதாவது முன்னெச்சரிக்கை இல்லாத மரணமே பாதிக்கு மேல். இதைத் தெரிந்துகொண்டபின் ‘சோதனை நிரலின் பிழைக் குறியீடு எங்கே’ என்று கேட்பது, மாரடைப்பில் இறந்தவரிடம் முன்கூட்டி எடுத்த காய்ச்சல் அளவைக் கேட்பது போன்றது.

பழுது விகிதத்தை உண்மையில் அறிந்தவர்கள் தயாரிப்பாளர்கள். திரும்பி வரும் ஒவ்வொரு தட்டும் அவர்கள் பதிவேட்டில் ஏறுகிறது. ஆனால் எந்த வகைத் தட்டு எத்தனை திரும்பி வந்தது என்பதை வாங்குபவர் பார்க்கும்படி அவர்கள் வெளியிடுவதில்லை. 2013 முதல் அப்படிப்பட்ட கணக்கை வகைவாரியாகப் பொதுவில் வைத்து வருவது பேக்பிளேஸ் என்ற சேமிப்புச் சேவை நிறுவனம். அதாவது, வாங்கிப் பயன்படுத்துபவர் சொல்கிறார். செய்து விற்பவர் வாய் திறப்பதில்லை.

*

உத்தரவாதக் காலம் தட்டின் ஆயுளைப் பார்த்து முடிவு செய்யப்படுகிறது என்று நம்புபவர்கள் இந்த ஆண்டுகளை வரிசையாகப் படிக்கட்டும். 2002ஆம் ஆண்டு அக்டோபரில் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், மேக்ஸ்டர் மூன்றும் சாதாரண மேசைக்கணிப்பொறித் தட்டுகளின் உத்தரவாதத்தை மூன்றாண்டிலிருந்து ஓராண்டாகக் குறைத்தன. 2004இல் சீகேட் அதை ஐந்தாண்டாக உயர்த்திப் பெருமையாக அறிவித்தது. 2009இல் மீண்டும் மூன்றாண்டு. 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து தொழிற்சாலைகள் மூழ்கின. வன்தட்டு விலை ஏறியது. அவ்வாண்டு முடியும்போது சீகேட் தன் பராகுடா வகைக்கு ஓராண்டு என்றது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் சாதாரண வகைகளுக்கு இரண்டாண்டு என்றது. வெள்ளம் வடிந்தது. வாங்குபவர் அதிக விலை கொடுத்துக் குறைந்த உறுதியைப் பெற்றார்.

மூன்று, ஒன்று, ஐந்து, மூன்று, ஒன்று. உலோகத்தின் ஆயுள் இப்படித் துள்ளி விளையாடாது. துள்ளுவது கணக்குப் புத்தகம். போட்டி இருக்கும்போது உத்தரவாதம் விளம்பரமாக நீள்கிறது. போட்டி குறையும்போது செலவுக் கணக்காகச் சுருங்குகிறது. போட்டி எப்படிக் குறைந்தது என்பதும் தெரிந்ததே. குவாண்டத்தின் வன்தட்டுப் பிரிவு 2001இல் மேக்ஸ்டருக்குள் போனது. மேக்ஸ்டர் 2006இல் சீகேட்டுக்குள் போனது. சாம்சங்கின் வன்தட்டுப் பிரிவும் 2011இல் அங்கேயே போய்ச் சேர்ந்தது. ஐபிஎம்மின் பிரிவு ஹிட்டாச்சிக்குப் போய், 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குள் மறைந்தது. ஃபுஜித்சுவின் பிரிவை 2009இல் தோஷிபா எடுத்துக்கொண்டது. மிஞ்சியவர்கள் மூவர். உலகின் வன்தட்டு உத்தரவாதம் எவ்வளவு என்பதை மூன்று அலுவலகங்கள் முடிவு செய்கின்றன.

குறை வெளிப்படும்போது இவர்கள் நடந்துகொண்ட விதத்துக்கும் வரலாறு உண்டு. 2000ஆம் ஆண்டில் ஐபிஎம் விற்ற டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி வகை, வாங்கியவர்களால் ‘டெத்ஸ்டார்’ என்றே அழைக்கப்படும் அளவுக்குப் பழுதானது. 2001இல் அமெரிக்காவில் வழக்காகி, சமரசத்தில் முடிய 2005 ஆயிற்று. அதற்குள் அந்தத் தொழிலையே ஐபிஎம் விற்றுவிட்டிருந்தது. 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘ரெட்’ வகை பற்றிய உண்மை வெளிவந்தது. ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமர்வதுபோல் தடங்களை அடுக்கி எழுதும் முறை ஒன்று உண்டு. இடம் மிச்சமாகும், திரும்ப எழுதுவது மந்தமாகும். பல தட்டுகளைச் சேர்த்து இயக்குபவர்களுக்கென விற்ற அந்த வகையில் சில கொள்ளளவுகளில் இம்முறையைப் புகுத்திவிட்டு விவரத்தாளில் சொல்லாமல் விட்டிருந்தார்கள். பயன்படுத்தியவர்கள் கண்டுபிடித்துக் கூச்சலிட்டபின்னரே பட்டியல் வெளியாயிற்று. 2025 ஜனவரியில் ஜெர்மனியிலிருந்து வந்த செய்தியும் நினைவிருக்கலாம். பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் தட்டுகளின் ஓட்டக் கணக்கை அழித்து, இடைத்தரகர்கள் புதியவை என்று விற்றிருந்தார்கள். அந்த மோசடி தயாரிப்பாளருடையதன்று. ஆனால் பழையதைப் புதியதிலிருந்து பிரித்தறிய வாங்குபவருக்கு வழியில்லாத சந்தையில்தான் அது நடக்க முடியும்.

இவற்றுக்கு நடுவே, எங்கள் வாதத்துக்கு மிகவும் வேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. 2009 ஜனவரியில் சீகேட்டின் பராகுடா 7200.11 வகைத் தட்டுகள் உள்ளிருக்கும் நிரலின் பிழையால் திடீரென்று உறைந்துபோயின. தகடு நன்றாயிருந்தது, தரவும் இருந்தது, எட்ட மட்டும் முடியவில்லை. எதிர்ப்பு வலுத்ததும் நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு, திருத்திய நிரலைத் தந்ததோடு, முடங்கிய தட்டுகளிலிருந்து தரவை இலவசமாக மீட்டுத் தருவதாகவும் அறிவித்தது. தரவுக்குப் பொறுப்பேற்கவே முடியாது என்ற வாதம் அன்றே முடிந்துவிட்டது. பின்னாளில் அதே நிறுவனம் தன் விலை உயர்ந்த சில வகைகளோடு தரவு மீட்புச் சேவையைச் சேர்த்தே விற்கத் தொடங்கியது. ஆக, முடியாத காரியம் என்று எதுவும் இல்லை.

*

இனி, திருப்பி அனுப்பிய தட்டு என்ன ஆகிறது என்ற கேள்வி. மாற்றுத் தட்டு வேண்டுமானால் பழையதைக் கொடுத்தாக வேண்டும்; கொடுத்ததும் அது நிறுவனத்தின் உடைமை. உள்ளே என்ன இருக்கிறது? அச்சேறாத கையெழுத்துப்படிகள், நண்பர்களின் கடிதங்கள், வங்கித் தாள்கள், பெண்ணின் திருமணப் படங்கள். கணிப்பொறிக்குத் தெரியாமல் போன தட்டை அனுப்புமுன் அழிக்கவும் முடியாது. உடைத்துத் திறந்தால் முத்திரை கிழிந்து உத்தரவாதம் போய்விடும்.

இது வீண் அச்சம் என்பவர்களுக்கு: சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரு எம்ஐடி ஆய்வாளர்கள் பழைய சந்தையிலிருந்து 158 வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். ஓடிய 129 தட்டுகளில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. கடனட்டை எண்களும் அந்தரங்கக் கடிதங்களும் மருத்துவ விவரங்களும் அப்படியே கிடந்தன. அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஒரு குடும்பம், உத்தரவாதத்தில் மாற்றிக்கொண்ட பழைய தட்டு அழிக்கப்படும் என்ற கடைக்காரர் சொல்லை நம்பிக் கொடுத்தது. சில மாதம் கழித்து, சிகாகோவின் பழம்பொருள் சந்தையில் அதே தட்டை வாங்கியவர் அவர்களுக்கே தொலைபேசி செய்தார்.

பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கவலை இல்லை. டெல், எச்பி போன்ற கணிப்பொறி நிறுவனங்கள், பழுதான தட்டை வாடிக்கையாளரே வைத்துக்கொள்ளும் வசதியைத் தனிக் கட்டணத்துக்கு விற்கின்றன. வங்கியின் ரகசியத்துக்கு விலைப்பட்டியலில் ஒரு வரி உண்டு. எழுத்தாளரின் கைப்பிரதிக்கு அந்த வரியும் இல்லை.

*

எதிர்வாதங்களை நாங்கள் அறியாமல் இல்லை. முதலாவது, ‘படி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியது உங்கள் வேலை’ என்பது. படி எடுத்து வைக்கச் சொல்வது நல்ல அறிவுரை. இரண்டு படி, அதில் ஒன்று வேறு ஊரில் என்றுகூட நாங்கள் சொல்வோம். ஆனால் அறிவுரை வேறு, பொறுப்பு வேறு. தலைக்கவசம் அணியுங்கள் என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. பிரேக் பிடிக்காத வண்டியை விற்றவருக்கு அதைச் சாக்காகச் சொல்லும் உரிமை இல்லை. மேலும், படி எடுப்பதற்கு வாங்கும் இரண்டாம் தட்டும் இதே மூவரில் ஒருவரிடம், இதே அட்டையோடுதான் வருகிறது.

இரண்டாவது, ‘ஒரு நாவலின் விலையை யார் மதிப்பிடுவது? அதற்கெல்லாம் ஈடு கேட்டால் தட்டின் விலை எங்கே போய் நிற்கும்?’ என்பது. நாங்கள் நாவலுக்கு விலை கேட்கவில்லை. அப்படிக் கேட்பது நாவலுக்கும் இழுக்கு. நாங்கள் கேட்பவை ஐந்தே.

ஒன்று: உத்தரவாதக் காலத்தில் பழுதான தட்டை வாங்கியவர் விரும்பினால் தாமே வைத்துக்கொள்ளலாம் என்ற உரிமை, கூடுதல் கட்டணமின்றி, பழுதுக்குச் சான்றாக மேல்மூடியையோ மின்பலகையையோ மட்டும் அனுப்பினால் போதும் என்ற விதியோடு. இரண்டு: புதியதாக வாங்கியதற்கு முதலாண்டில் புதியதே மாற்றாக வேண்டும், அதன்பின் புதுப்பித்ததைத் தந்தால் அதன் ஓட்டக் கணக்கும் பழுது வரலாறும் சீட்டில் இருக்க வேண்டும். மூன்று: நிறுவனத்தின் நிரலாலோ அறியப்பட்ட வடிவமைப்புக் குறையாலோ முடங்கிய தட்டுகளுக்கு, 2009இல் செய்ததுபோல், இலவசத் தரவு மீட்பு. நான்கு: வகைவாரியாக ஆண்டுப் பழுது விகிதமும், எழுதும் முறையும் பெட்டியின்மேல் அச்சிடப்பட வேண்டும். ஐந்து: தமிழ்நாட்டில் விற்கும் பொருளின் உத்தரவாத வாசகமும் தொலைபேசி உதவியும் தமிழில் இருக்க வேண்டும். எங்கள் கைக்கு வந்த அட்டைகள் ஒன்றில்கூடத் தமிழ் இல்லை. தமிழ் எழுத்தைச் சேமிக்க விற்கிறார்கள். தமிழில் பேச மாட்டார்கள்.

இவற்றில் எதுவும் தட்டின் விலையை இரட்டிப்பாக்காது. பாதி, வெறும் அச்சு மை.

அதுவரை சட்டம் கொடுத்திருப்பதைப் பயன்படுத்துவோம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நாம் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே முறையிட இடம் தருகிறது; நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும். அச்சட்டம் ‘நேர்மையற்ற ஒப்பந்தம்’ என்ற ஒரு கருத்தையும் புதிதாகச் சேர்த்திருக்கிறது. நுகர்வோரைப் பாதகமான நிலைக்குத் தள்ளும் நியாயமற்ற நிபந்தனை அதில் அடங்கும். அதை மாநில ஆணையத்தில் எழுப்ப வேண்டும். ‘லாம்’களும் ‘வேண்டும்’களுமாகப் பிரிந்து கிடக்கும் இந்த அட்டையை அங்கே ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஆசை. 1915 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்பும் சில்லறை வேலைகளும் உண்டு. வன்தட்டு வாங்கிய அன்றே வெப்பத்தாள் ரசீதை நகலெடுங்கள். ரசீது இல்லையென்றால் உத்தரவாதம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படாது, தட்டு தயாரான நாளிலிருந்து எண்ணப்படலாம். கடையிலிருந்து வெளியேறுமுன் வரிசை எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டுப் பாருங்கள்; வேறு நாட்டுச் சரக்கு என்றால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். முதலிலிருந்தே முழுத் தட்டையும் மறையாக்கம் செய்து வையுங்கள். நாளைக்கு அது யார் மேசைக்குப் போனாலும் உங்கள் கடிதம் அவருக்குப் படிக்கக் கிடைக்காது. தொலைபேசியில் பேசியதை அன்றே மின்னஞ்சலாக எழுதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள். மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ளும் சிரமம் ஒருமுறையாவது அவர்களுடையதாக இருக்கட்டும்.

எங்கள் நண்பர், புதுப்பித்து வந்த தட்டை வாங்கிக்கொள்ள மறுத்து, மேற்சொன்ன ஐந்தையும் வைத்து நிறுவனத்துக்கு நான்கு பக்கக் கடிதம் ஒன்றைத் தமிழில் அனுப்பியிருக்கிறார். கடிதம் கிடைத்தது என்று ஆங்கிலத்தில் ஒரு தானியங்கிப் பதில் வந்திருக்கிறது. முப்பது நாள் பார்ப்போம். அதன்பின் மாவட்ட ஆணையம்.